கருவிலிருக்கும் பிள்ளையின் பிற்காலக் கருவளத்தைக் காப்பது எப்படி

கர்ப்ப காலத்தில் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்ற கேள்வியைப் பெரும்பாலோர் மருத்துவரிடம் முதன்முறை செல்லும்போதுதான் கேட்கத் தொடங்குகிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் இனப்பெருக்க உறுப்புகளைப் பொறுத்தவரை அது சற்றுத் தாமதமான கேள்வி. ஆண் கருவில் விதைகள் உருவாகி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குவது ஏறத்தாழ எட்டாவது வாரத்தில். அப்போதிருந்து பதினான்காவது வாரம் வரை அந்த ஹார்மோன் போதுமான அளவு கிடைத்தால்தான் ஆண்குறி, சிறுநீர்த் துவாரம், விதைப்பை ஆகியவை முறையாக அமையும். விதைகள் பின்னாளில் வயிற்றிலிருந்து கீழே விதைப்பைக்குள் இறங்குவதற்கும், வளர்ந்த பிறகு விந்தணுக்களைப் போதிய அளவு உண்டாக்குவதற்கும் உரிய அடித்தளமும் அந்த ஆறேழு வாரங்களிலேயே இடப்படுகிறது. எலிகளில் செய்யப்பட்ட சோதனைகள் இந்தக் கால எல்லையைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன: இதே பருவத்தில் ஹார்மோனைத் தடுத்தால் குறை உண்டாகிறது, சில நாட்கள் கழித்துத் தடுத்தால் அதே குறை உண்டாவதில்லை. நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்து, மருத்துவரைப் பார்த்து, பன்னிரண்டாவது வாரத்தில் ஸ்கேன் எடுக்கும்போது இந்தச் சாளரத்தில் பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

பெண் கருவின் கணக்கு வேறு. ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தப்போகும் கருமுட்டைகளின் மூலச் செல்கள் அனைத்தும் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. இருபதாவது வார அளவில் அவை அறுபது எழுபது லட்சமாக உச்சத்தை அடைந்து, பிறக்கும்போது பத்து இருபது லட்சமாகக் குறைந்துவிடும். அதன் பிறகு கூடுவதில்லை. ஆகவே ஒரு கர்ப்பிணியின் உடலுக்குள் செல்லும் வேதிப்பொருள் அவளையும் மகளையும் மட்டுமல்லாமல், அந்த மகள் வழியாகப் பிறக்கவிருக்கும் பேரப்பிள்ளையின் முட்டையையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. இவ்விரண்டு காரணங்களால், இங்கே சொல்லப்படும் முன்னேற்பாடுகளைக் குழந்தைக்குத் திட்டமிடத் தொடங்கும்போதே, கருத்தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தாவது மேற்கொள்வது நல்லது. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ எழுபத்து நான்கு நாட்கள் ஆவதால் கணவருக்கும் அதே கால அளவு பொருந்தும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சமூக ஊடகங்களில் சுற்றும் எச்சரிக்கைப் பட்டியல்கள் ஷாம்பூவையும் நகப்பூச்சையும் முதலிடத்தில் வைக்கின்றன. சான்றுகளின் வலிமையைக் கொண்டு வரிசைப்படுத்தினால் மருந்துகள் முதலிலும், செய்யும் தொழில் அடுத்தும், வீடும் அடுக்களையும் மூன்றாவதாகவும் வர வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

மருந்துப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

மருந்தை முதலில் வைப்பதற்குக் காரணம் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனின் வரலாறு. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய இந்த மருந்து, கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940களிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. அதனால் பயன் ஏதுமில்லை என்று 1953இலேயே சிகாகோவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டிய பிறகும் அதை எழுதிக்கொடுப்பது நிற்கவில்லை. 1971 ஏப்ரலில் பாஸ்டன் மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு மிக அரிதாகவே வரும் ஒருவகை யோனிப் புற்றுநோய் கண்டவர்களை ஆராய்ந்து, எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டிருந்ததை வெளியிட்டார்கள். அவ்வாண்டு நவம்பரில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது.

புற்றுநோய் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு மகளுக்கே வந்தது. அதைவிடப் பரவலான பாதிப்பு கருவளத்தில் தெரிந்தது. கருவில் இம்மருந்துக்கு ஆளான மகள்களை நாற்பத்தைந்து வயது வரை தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், கருத்தரிக்க இயலாமை அவர்களிடம் 33.3 சதவீதமாகவும் மற்றவர்களிடம் 15.5 சதவீதமாகவும் இருந்தது. கருக்குழாய்க் கர்ப்பம் 14.6 சதவீதமும் 2.9 சதவீதமும், குறைமாதப் பிரசவம் 53.3 சதவீதமும் 17.8 சதவீதமும் ஆகும். கருப்பை இயல்பான வடிவம் பெறாமல் ஆங்கில டி எழுத்தைப் போல் குறுகி அமைந்தது இதற்கு ஒரு காரணம். மகன்களுக்கு விதை இறங்காமையும், விதையை ஒட்டி விந்தணுக்கள் முதிரும் குழாயில் நீர்க்கட்டிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. பிறந்த அன்று இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் எந்தக் குறையுமின்றியே தோன்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாதிப்பு வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த மருந்து கர்ப்பிணிகளுக்கு இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் ஹார்மோனோடு தொடர்புள்ள வேறு மருந்துகள் நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கின்றன. சினைப்பை நீர்க்கட்டி, முகப்பரு, தேவையற்ற முடி வளர்ச்சி ஆகியவற்றுக்காக இளம்பெண்களுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சைப்ரோடிரோன் அல்லது ஸ்பைரனோலாக்டோன் இருக்கலாம்; இரண்டும் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுப்பவை என்பதால் ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சிக்கு ஆகாதவை. கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்குப் பயன்படும் டானசால் நேர்மாறாக, பெண் கருவின் பிறப்புறுப்பை ஆண்தன்மை நோக்கி மாற்றக் கூடியது. கணவர் வழுக்கைக்காகச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு மாத்திரைகளை, குறிப்பாக உடைந்த அல்லது பொடித்த நிலையில், கர்ப்பிணி கையால் தொடவும் கூடாது என்று மருந்து உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தோல் வழியாகவே அது உள்ளே செல்லும். கணவர் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு பூசுபவரானால், பூசிய இடத்தை ஆடையால் மூடுவதும், கையைச் சோப்பால் கழுவுவதும் கட்டாயம்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், களிம்புகளையும், சூரணங்களையும் ஒரு பையில் போட்டு, குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மகப்பேறு மருத்துவரிடம் எடுத்துச் சென்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையையே காட்டுவது நல்லது, ஏனெனில் வணிகப் பெயருக்குள் எந்த மூலப்பொருள் இருக்கிறது என்பது அட்டையில்தான் இருக்கும். வலிப்பு, தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அவற்றை நிறுத்துவதால் வரும் கேடு மருந்தால் வரும் கேட்டைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கலாம். மாற்ற வேண்டுமானால் மருத்துவர் மாற்றித் தருவார்.

பாராசிட்டமால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தின் முதல் ஆறு மாதங்களில் வாரக்கணக்கில் தொடர்ந்து அதை எடுத்துக்கொண்ட தாய்மாரின் மகன்களிடம் விதை இறங்காமை சற்றுக் கூடுதலாக இருந்ததாக டென்மார்க் ஆய்வுகள் 2010ஐ ஒட்டி வெளியிட்டன. 2021இல் அறிவியலாளர் குழு ஒன்று கவனத்துடன் பயன்படுத்தும்படி அறிக்கை விட்டது. மகப்பேறு மருத்துவர் சங்கங்களோ, உரிய தேவைக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்தத் தேவையில்லை என்ற நிலையிலேயே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறைக்குக் கிடைக்கும் வழி எளிமையானது: காய்ச்சலைக் குறைக்க எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தணிக்காத காய்ச்சலே கருவுக்கு ஆபத்து, உடம்பு அலுப்புக்கும் தினசரித் தலைவலிக்கும் நாள்கணக்கில் விழுங்காதீர்கள். பாராசிட்டமாலுக்குப் பயந்து வேறு வலி மாத்திரைக்கு மாறுவது அதைவிட மோசமான தேர்வு.

ஆண் குழந்தை பிறப்பதற்கென்று கொடுக்கப்படும் மருந்துகளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அரியானாவில் இத்தகைய மருந்துகளைச் சோதித்த ஆய்வாளர்கள் ஈஸ்ட்ரோஜனைப் போல் செயல்படும் தாவரப் பொருள்கள் அவற்றில் கணிசமாக இருந்ததையும், அவற்றை உண்ட தாய்மாருக்குப் பிறவிக் குறையுள்ள குழந்தைகள் கூடுதலாகப் பிறந்ததையும் கண்டார்கள். பாலினம் கருத்தரிக்கும் கணத்திலேயே முடிவாகிவிடுவதால், அதன் பின் உட்கொள்ளும் எதுவும் அதை மாற்றாது. பாதரசம், காரீயம் சேர்த்துச் செய்யும் பஸ்பங்களையும் செந்தூரங்களையும் கர்ப்ப காலத்திலும் அதற்கு முன்பும் தவிர்த்துவிடுவதே பாதுகாப்பு.

வேலை செய்யும் இடம்

டென்மார்க்கில் பூச்சிமருந்து அடிக்கும் பசுமைக்குடில்களில் வேலை செய்த பெண்களின் மகன்களை மூன்று மாத வயதில் பரிசோதித்தபோது, விதை இறங்காமை மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ மும்மடங்கு இருந்தது. பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் இருந்த நாட்டில், அவற்றைப் பின்பற்றிய தோட்டங்களில் கிடைத்த முடிவு இது. நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வரும் சான்று கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே முந்திரித் தோட்டங்களின் மீது 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அப்பகுதிச் சிறுவர்களின் பருவமடைதல் தெளிக்கப்படாத ஊர்ச் சிறுவர்களைவிடத் தாமதப்பட்டிருந்தது. கருவிலேயே பட்டதா, பிறந்த பின் பட்டதா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. தோட்டத்தையொட்டி வாழும் குடும்பத்துக்கு இரண்டுமே நேரும். 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

எண்டோசல்ஃபான் போனாலும் வயலில் மருந்து அடிப்பது போகவில்லை. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணும் கர்ப்பிணியும் மருந்து கலக்குவதையும், அடிப்பதையும், தெளிப்பானைக் கழுவுவதையும் விட்டுவிட வேண்டும். அடித்த வயலில் மறுநாளே களை எடுக்கவும் பூப்பறிக்கவும் இறங்குவது அடித்ததற்கு இணையான பாதிப்பைத் தரலாம், ஏனெனில் ஈரமான இலையிலிருந்து தோலுக்கு ஏறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மருந்துப் புட்டியில் குறிப்பிட்ட இடைவெளி முடியும் வரை காத்திருங்கள். கணவர் மருந்து அடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டு உள்ளே வரட்டும். அந்தத் துணியைத் தனியாக, முடிந்தால் அவரே துவைக்கட்டும். காலியான மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீருக்கோ தானியத்துக்கோ பயன்படுத்துவது இன்றும் நடக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது தகாது.

தோல் காலணி ஆலைகளில் பசை ஒட்டும் பிரிவு, சாயப்பட்டறை, அச்சகம், பெயின்ட் கலக்கும் இடம், பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறை, புற்றுநோய் மருந்துகளைக் கரைத்து ஏற்றும் மருத்துவமனைப் பிரிவு, நாள் முழுவதும் முடிச்சாயமும் நகப்பூச்சும் கையாளும் அழகு நிலையம் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் கரைப்பான்களையும் உலோகங்களையும் செல்நச்சு மருந்துகளையும் தொடர்ந்து எதிர்கொள்கிறார்கள். வீட்டில் மாதம் ஒரு முறை நகப்பூச்சு இடுபவரையும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அந்த ஆவியைச் சுவாசிப்பவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமன்று. இத்தகைய வேலையில் இருப்பவர் மருத்துவரிடம் வேலையின் பெயரை மட்டும் சொல்லாமல், கையாளும் பொருளின் பெயரை டப்பாவிலிருந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். 'பேக்கிங்குக்கு மாற்றுங்கள்' என்று மேலாளரிடம் கேட்க, மருத்துவர் எழுதித் தரும் ஒரு வரி பெரிதும் உதவும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கடுமையான வேலையிலிருந்து விலக்களித்தது பேறுகாலத்துக்கு முந்தைய கடைசி வாரங்களை மனத்தில் வைத்துத்தான். பிள்ளையின் உறுப்புகள் அமையும் மூன்றாம் மாதத்துக்குச் சட்டத்தை நம்பியிருக்க முடியாது. முகமறைப்பு, கையுறை, சன்னலோரம் என்று கிடைக்கும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்கவே வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்குமே தவிரக் கரைப்பான் ஆவியைத் தடுக்காது.

வீடும் அடுக்களையும்

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பதற்றம் பாதியாகக் குறையும். பிளாஸ்டிக்கோடு தொடர்புடைய பிஸ்பினால் ஏ, தாலேட்டுகள் ஆகியவை உடலில் சில மணி நேரமே தங்கிச் சிறுநீரில் வெளியேறிவிடுபவை. ஆகவே அவற்றின் வரத்தை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே உடலில் அளவு இறங்கிவிடும். நேற்றுப் பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டதற்காக இன்று கலங்க வேண்டியதில்லை. காரீயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருந்து, கர்ப்பத்தில் சுண்ணாம்புச் சத்து கரையும்போது அதனுடன் இரத்தத்தில் கலக்கிறது. பிளாஸ்டிக் எரியும்போது உண்டாகும் டையாக்சின் என்ற நச்சு உடற்கொழுப்பில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். இவ்விரண்டையும் பொறுத்தவரை ஒன்பது மாதக் கட்டுப்பாடு போதாது. பெண் குழந்தை வளரும் வீடு முழுவதும் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும்.

தாலேட்டுகள் ஆண் எலிக்குட்டிகளின் உறுப்பு அமைப்பைக் குலைப்பது பலமுறை உறுதியாகியிருக்கிறது. மனிதர்களில், தாயின் சிறுநீரில் தாலேட்டுக் கழிவு கூடுதலாக இருந்தால் மகனின் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலுள்ள தூரம் குறைவாக இருப்பதாக 2005இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. அந்தத் தூரம் கருவில் கிடைத்த டெஸ்டோஸ்டிரோனுக்கு ஓர் அளவுகோல். பிஸ்பினால் ஏ பற்றிய மனித ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆயினும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதன் அன்றாட வரம்பை இருபதாயிரம் மடங்கு குறைத்தது.

சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கில் படக் கூடாது என்பதே அடுக்களையின் முதல் விதி. கொதிக்கும் சாம்பாரையும் தேநீரையும் பாலிதீன் பையில் கட்டித் தரும் பார்சலை விடுத்து, எவர்சில்வர் தூக்கு வாளியைக் கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்தப் பைகளுக்குத் தடை உண்டு என்றாலும் பல கடைகளில் அது ஏட்டளவில்தான் இருக்கிறது. சட்னி, குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றைக் கண்ணாடியிலோ பீங்கானிலோ வையுங்கள்; மைக்ரோவேவில் பிளாஸ்டிக் பாத்திரத்தை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் 3 என்றிருந்தால் அது தாலேட்டு சேர்க்கப்படும் பிவிசி, 7 என்றிருந்தால் பிஸ்பினால் ஏ கொண்டு செய்யும் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். இரண்டையும் உணவுக்குத் தவிர்த்துவிடலாம். இருபது லிட்டர் வாட்டர் கேன்களில் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. வெயிலில் லாரியில் அடுக்கிக் கிடந்த கேனை மாற்றித் தரச் சொல்லுங்கள்; கிடைத்ததும் தண்ணீரை எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றிவிடுங்கள். காய்கறிகளை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதும், தோல் சீவக் கூடியவற்றைச் சீவுவதும் பூச்சிமருந்து எச்சத்தைக் குறைக்கும்.

ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் அது தூய வெள்ளீயம்தானா என்று தெரியாவிட்டால் பயன்படுத்த வேண்டாம். காரீயம் கலந்த சொம்பில் புளி கொதிப்பது நேராகக் காரீயத்தை உண்பதற்குச் சமம். பழைய உலோகத்தை உருக்கிச் செய்த இண்டாலியம் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்தும் காரீயம் உணவில் இறங்குவது அமெரிக்கச் சோதனைகளில் தெரிந்தது. உதிரியாக விற்கும் பளிச்சென்ற மஞ்சள் தூளில் காரீயக் குரோமேட் கலப்படம் இருக்கலாம் என்பதால் மஞ்சளை வாங்கி வீட்டில் அரைப்பது மேல். உதிரிக் கண்மையும், மூலம் தெரியாத குங்குமமும் வேண்டாம். காரீயத்தை விலக்குவதற்கு முதற்காரணம் குழந்தையின் மூளைதான். சிறுமியரின் இரத்தத்தில் அது கூடுதலாக இருந்தால் பூப்பு தள்ளிப்போவதையும் அமெரிக்க ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பால், தயிர், கேழ்வரகு, மருத்துவர் தரும் கால்சியம் மாத்திரை ஆகியவை எலும்பிலிருந்து காரீயம் கரைவதைக் குறைக்கும்.

டையாக்சினின் பாதிப்பை இத்தாலியின் செவெசோ நகரம் காட்டியது. 1976 ஜூலை 10 அன்று அங்கே வேதியியல் ஆலை விபத்தில் டையாக்சின் மேகம் பரவியது. அதற்கு ஆளான தாய்மாருக்குப் பின்னர் பிறந்து தாய்ப்பால் குடித்து வளர்ந்த மகன்களின் விந்தணு அடர்த்தி, ஒப்பிடப்பட்ட மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. இதைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்தும்படி எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நிறுத்தவும் கூடாது. நமக்கு அது தரும் செய்தி வேறு: பிவிசி குழாயும் பிளாஸ்டிக் குப்பையும் எரியும் இடத்தில் டையாக்சின் உண்டாகிறது. தெருமுனைக் குப்பையை எரிக்க விடாதீர்கள்; போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் தெருவில் கர்ப்பிணி சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கட்டும். கொசுவுக்குச் சுருளையும் திரவத்தையும்விட வலையே சிறந்தது. ஆனால் டெங்கு பரவும் காலத்தில் வலையும் இல்லாமல், திரவமும் இல்லாமல் கடிபடுவது தவறான சிக்கனம். புகையிலை எந்த வடிவிலும், வெற்றிலையோடு சேர்த்தும், வேண்டாம். தாய் புகைத்த மகன்களின் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. கணவர் வீட்டுக்குள் புகைப்பதும் இதில் அடங்கும்.

பிறந்த பிறகு பார்க்க வேண்டியவை

ஆண் குழந்தை பிறந்ததும் இரண்டு விதைகளும் பையில் இருக்கின்றனவா, சிறுநீர்த் துவாரம் நுனியில் இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு விதை இறங்காமல் இருக்கலாம்; பலருக்கு ஆறு மாதத்துக்குள் தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்ற பெரியவர்களின் ஆறுதலை ஏற்காமல், ஆறு மாதத்திலேயே குழந்தை அறுவை மருத்துவரைப் பாருங்கள். பதினெட்டு மாதங்களுக்குள் அறுவை செய்தால் விந்தணு மூலச் செல்கள் காக்கப்படும். பின்னாளில் விதைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும். சிறுநீர்த் துவாரம் அடிப்பக்கத்தில் திறந்திருந்தால், அதைச் சீர்செய்ய முன்தோல் தேவைப்படும் என்பதால், சுன்னத்து செய்யும் வழக்கமுள்ள குடும்பங்கள் அறுவை மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. இக்குறைகளுக்கு மரபணுக் காரணங்களும் குறைமாதப் பிறப்பும் உண்டு. தாய் தொட்ட ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அவளைக் குற்றவாளி ஆக்குவதற்கு எந்தச் சான்றும் இடம் தராது.

கர்ப்பத்தில் சாப்பிட்ட மருந்துகளின் சீட்டுகளையும், அப்போது பார்த்த வேலையின் விவரத்தையும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் மகள்கள் பலருக்குத் தாய் என்ன சாப்பிட்டாள் என்பதைக் கண்டறிவதே பெரும்பாடாயிற்று. பதின்மூன்று வயது நிறைந்தும் மகளுக்கு மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டாலோ, பதினைந்து வயதிலும் பூப்பெய்தாவிட்டாலோ, மகனுக்குப் பதினான்கு வயது நிறைந்தும் விதைகள் பெரிதாகத் தொடங்காவிட்டாலோ அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் செல்லுங்கள். சில மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு இருக்கும். இல்லாத ஊரில் குழந்தை மருத்துவரே முதற்கட்டப் பரிசோதனையைச் செய்து உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார்.